நாலுக்குக் காசு, இரண்டுக்கு இடம்

கோயமுத்தூர்ச் சீமையில் ஒரு முதலாளியிடம் யந்திரம் விற்கப் போகிறவன், அதன் விலையைச் சொல்வதற்கு முன்பாகவே, அது எத்தனை வருஷத்தில் போட்ட பணத்தைத் திருப்பித் தரும் என்பதைச் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். நூற்பாலையானாலும், பீளமேட்டுப் பக்கத்துப் பம்புப் பட்டறையானாலும், திருப்பூர்ப் பனியன் கம்பெனியானாலும் இந்த விதிக்கு விலக்கில்லை. தொழில் ஸ்தாபனங்களுக்குச் சர்வர்களும் அவற்றுக்குரிய டிஸ்க் அடுக்குகளும் அமைத்துக் கொடுப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டு நெடுங்காலம் இந்த வட்டாரத்தில் அலைந்தவன் என்ற முறையில், இந்த விதியினால் எனக்கு ஏற்பட்ட சங்கடம் கொஞ்சமல்ல. நான் விற்ற சரக்கு எந்தக் காலத்திலும் பணத்தைத் திருப்பித் தராத சரக்கு. நஷ்டம் ஒன்று வராமல் தடுப்பதே அதன் உத்தியோகம். வராத நஷ்டத்தை எந்த ஐந்தொகையிலும் எழுதிக் காட்ட முடியாது.

சூலூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றின் பெரியவர், தம் மேஜைமேல் இரண்டு விலைப்பட்டியல்களை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்ட கேள்வி, இந்தத் தொழிலின் சாரம் முழுவதையும் தன்னுள் அடக்கியது என்று இன்றும் நினைக்கிறேன். ஒரு பட்டியல் என்னுடையது, மற்றொன்று போட்டிக்காரருடையது. இரண்டிலும் 2 டி.பி. கொள்ளளவுள்ள நாலு டிஸ்க்குகள்; விலையிலும் பேதமில்லை. அவர் ரெய்டு 5 என்ற முறையில் அடுக்கி 6 டி.பி. இடம் தருவதாக எழுதியிருந்தார். நான் ரெய்டு 10 என்று போட்டு 4 டி.பி. மட்டும் காட்டியிருந்தேன்.

"ஏனுங் தம்பி, ஒரே சரக்கு, ஒரே வெல. அவரு ஆறு தரேங்கறாரு, நீங்க நாலுதான்ங்கறீங்க. நாலு டிஸ்க்குக்குக் காசைக் குடுத்துப்போட்டு ரெண்டு டிஸ்க்குத்தான் பொழங்கறதுங்களா? இதென்னங்க நாயம்?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கு விடை சொல்ல வேண்டுமானால், இந்த அடுக்கு முறை எதற்காகப் பிறந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

1988ஆம் ஆண்டில், கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் என்ற மூவர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்டார்கள். பெரிய கம்ப்யூட்டர்களுக்கென்றே தயாராகி ஆனை விலை குதிரை விலைக்கு விற்ற ஒரு பெரிய டிஸ்க்கின் ஸ்தானத்தில், மேஜைக் கம்ப்யூட்டர்களில் வரும் மலிவான சிறு டிஸ்க்குகளைப் பலவாகச் சேர்த்து வைத்தால், செலவும் குறையும், வேகமும் கூடும் என்பது அவர்கள் வாதம். ஆனால் பத்து டிஸ்க்கைச் சேர்த்தால், அந்தப் பத்தில் ஏதேனும் ஒன்று கெட்டுப்போகும் அபாயமும் ஏறக்குறைய பத்து மடங்காகிவிடுமல்லவா? ஆகவே, கொள்ளளவில் ஒரு பகுதியை உபரியாக ஒதுக்கி, ஒரு டிஸ்க் செத்தாலும் அதிலிருந்த விவரத்தை மீட்டுக்கொள்ளும் ஏற்பாடுகளை ஐந்து வகையாகப் பிரித்து, ரெய்டு என்ற பெயரில் 1 முதல் 5 வரை எண் கொடுத்தார்கள். 0, 6, 10 ஆகியவை பிற்பாடு வந்து சேர்ந்தவை. இவற்றில் 0 என்பதில் உபரி என்பதே இல்லை. வேகத்துக்காக ஆபத்தைப் பெருக்கிக்கொள்ளும் அந்த ஏற்பாட்டை ஒரு வியாபாரக் கணக்குக்குச் சிபாரிசு செய்பவரை நான் வாசற்படியோடு அனுப்பிவிடச் சொல்வேன்.

இரண்டு டிஸ்க்கில் ஒரே விவரத்தை ஒருங்கே எழுதும் மிர்ரர் முறை, ரெய்டு என்ற பெயர் நம் ஊர்ப்பக்கம் வருவதற்கு வெகு முன்பே இங்கு புழக்கத்தில் இருந்தது. தொண்ணூறுகளில் ஆலை ஆபீசுகளில் நாவெல் நெட்வேர் சர்வரும், அதன்மேல் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய சம்பளப் பட்டியல் புரோகிராமும் இருக்கும். நெட்வேரிலேயே மிர்ரர் வசதி உண்டு. டிஸ்க்குகள் மட்டுமல்லாமல் அவற்றை ஓட்டும் கன்ட்ரோலர் அட்டைகளும் இரண்டாக இருந்தால் அதை டூப்ளெக்சிங் என்பார்கள். ஒருவன் இறந்தால் மற்றவன் வேலையைத் தொடர்வான் என்ற ஏற்பாட்டை விளக்க அன்றைக்கு யாருக்கும் படம் போட்டுக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

ரெய்டு 5 அப்படிப்பட்டதல்ல. அதன் சாமர்த்தியம் சற்று நுட்பமானது. ஒரு பேரேட்டுப் பக்கத்தில் மூன்று தொகைகளை எழுதி அடியில் கூட்டுத்தொகை போட்டு வைத்தால், மூன்றில் ஒன்று மை கொட்டி அழிந்துபோனாலும், கூட்டுத்தொகையிலிருந்து மற்ற இரண்டையும் கழித்து, அழிந்ததைக் கண்டுபிடித்துவிடலாம். கம்ப்யூட்டரில் கூட்டலுக்குப் பதிலாக வேறொரு கணித விதி, தத்துவம் இதுவேதான். அந்தக் கூட்டுத்தொகைக்குப் பேரிட்டி என்று பெயர். நாலு டிஸ்க்கில் ஒரு டிஸ்க் அளவுக்கு மட்டும் பேரிட்டிக்குப் போகும்; மூன்று டிஸ்க் அளவு நம் உபயோகத்துக்கு மிஞ்சும். எனவே 6 டி.பி. இதுவரை போட்டிக்காரர் சொன்னதில் அணுவளவும் பொய்யில்லை.

அவர் சொல்லாமல் விட்டது வேறு. மூன்று தொகைகளில் ஒன்றைத் திருத்த நேர்ந்தால் என்ன செய்கிறோம்? பழைய தொகையைப் பார்க்கிறோம், பழைய கூட்டுத்தொகையைப் பார்க்கிறோம், புதுத் தொகையை எழுதுகிறோம், புதுக் கூட்டுத்தொகையை எழுதுகிறோம். ஒரு திருத்தத்துக்கு நாலு காரியம். ரெய்டு 5இல் ஒவ்வொரு சிறு பதிவுக்கும் டிஸ்க்குகள் படும் பாடு இதுதான். இரண்டு பேரிட்டி வைத்து இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும் ரெய்டு 6இல் நாலு என்பது ஆறாகிறது. ஜோடி ஜோடியாக மிர்ரர் செய்து, அந்த ஜோடிகளை ஒன்றாகக் கோத்த ரெய்டு 10இல் இரண்டோடு முடிந்துபோகிறது. நிமிஷத்துக்கு 7200 சுற்றுச் சுழலும் ஒரு டிஸ்க், இங்கொன்றும் அங்கொன்றுமாக வரும் சிறு வேலைகளில், செகண்டுக்குச் சுமார் 75 செய்து முடிக்கும். நாலு டிஸ்க்குக்கு 300. எழுதுவது என்று வரும்போது ரெய்டு 10 அதில் 150 தரும். ரெய்டு 5 தருவது 75. ரெய்டு 6 தருவது 50. அதாவது நாலு டிஸ்க் வாங்கி ரெய்டு 5 போட்டவர், எழுதும் வேகத்தில் ஒற்றை டிஸ்க் வைத்திருப்பவரோடு சமமாக நிற்கிறார்.

இந்தக் கணக்கைப் பெரியவருடைய மேஜையில் ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவருடைய ஆலையில் சர்வருக்குள்ள வேலை என்ன என்பதையும் சொன்னேன்: மூன்று ஷிப்டு ஆட்களின் வருகைப் பதிவு, கோன் மூட்டைகளின் எடை, ஸ்டோர்சிலிருந்து எடுத்த சாமான், பருத்தி லாரி வந்து இறங்கிய கணக்கு, எல்லாம் சிறுசிறு பதிவுகள், எல்லாம் எழுதுவது. பத்து வருஷத்துக் கணக்கைச் சேர்த்தாலும் ஒரு டி.பி.யில் கால் பங்குக்கு மேல் வராது. ஆறு டி.பி.யில் எதைக் கொண்டுபோய் வைப்பது?

பெரியவர் காகிதத்தை எடுத்துச் சற்று நேரம் பார்த்தார். "அப்படின்னா ரெண்டே டிஸ்க்கு சோடி போட்டாலும் அதே எழுவத்தஞ்சு வருதுங்களே தம்பி. இடமும் ரெண்டு டி.பி. இருக்குது. மிச்ச ரெண்டு எதுக்குங்க?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுப்பில்லை. படிக்கும் வேகத்தில் நாலு டிஸ்க்குக்கு அனுகூலம் உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். ஆனால் ராத்திரி அறிக்கை பத்து நிமிஷம் கூடுதலாக ஓடினால் யாருக்கும் நஷ்டமில்லை என்று அவர் சொன்னது முற்றிலும் சரி. இரண்டு டிஸ்க் மிர்ரர், மூன்றாவது டிஸ்க் ஒன்று உறை பிரிக்காமல் பீரோவில், எழுத்துக்களை இடையில் தாங்கிப் பிடிக்கும் பாட்டரியுள்ள நல்ல கன்ட்ரோலர் ஒன்று என்று முடிவாயிற்று. என் பில் தொகை குறைந்தது. அந்த வருஷம், அதாவது 2011இன் கடைசியில், தாய்லாந்தில் வெள்ளம் வந்து டிஸ்க் தொழிற்சாலைகள் நீரில் முழுகி, உலகமெங்கும் டிஸ்க் விலை தாறுமாறாக ஏறியபோது, பீரோவில் கிடந்த மூன்றாவது டிஸ்க்கைப் பற்றிப் பெரியவர் போனில் விசாரித்து மகிழ்ந்தார்.

அந்த மூன்றாவது டிஸ்க்கைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எந்த நூற்பாலையின் ஸ்டோர்சுக்குள் நுழைந்தாலும், ரிங் டிராவலர், ஸ்பிண்டில் டேப், பேரிங், ஏப்ரன் என்று தேயும் சாமான் அத்தனையும் பெட்டி பெட்டியாக அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம். ஒரு டிராவலர் இல்லாமல் ஒரு கதிர் நின்றால் மேஸ்திரிக்குத் தூக்கம் வராது. அதே ஆலையில், சம்பளமும் சரக்கும் வரியும் எதன்மேல் நிற்கின்றனவோ அந்தச் சர்வருக்கு உபரி டிஸ்க் கேட்டால், "கெட்டா மெட்ராஸிலிருந்து வரவழைச்சுக்கலாமுங்க" என்ற பதில் வரும். வரவழைக்கலாம், சேரன் எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரிப் பிரயாணம்தான். ஆனால் அந்தக் கம்பெனி அந்த மாதிரி டிஸ்க்கை இன்னும் தயாரித்துக்கொண்டிருக்க வேண்டும், கடைக்காரரிடம் அது இருப்பில் இருக்க வேண்டும், அன்று ஞாயிற்றுக்கிழமையாகவும் இருக்கக்கூடாது.

ஏனெனில், அடுக்கில் ஒரு டிஸ்க் செத்த நிமிஷத்திலிருந்து புது டிஸ்க்கில் எல்லா விவரமும் மீண்டும் எழுதப்பட்டு முடியும் நிமிஷம் வரையுள்ள இடைவேளைதான் இந்த வித்தையின் உயிர்நிலை. இதை ரீபில்ட் என்கிறோம். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் 36 ஜி.பி. ஸ்கஸி டிஸ்க்குகள், ஒன்றை மாற்றிவிட்டு ஆபீஸ் கேன்டீனில் டிபன் முடித்து வருவதற்குள் ரீபில்ட் முடிந்திருக்கும். இன்றைய 4 டி.பி. டிஸ்க் ஒன்றை, செகண்டுக்கு 150 எம்.பி. என்ற முழு வேகத்தில், இடையில் வேறு ஒரு வேலையும் வராமல் எழுதினாலும் ஏழு மணி நேரத்துக்கு மேலாகும். ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போது அது ஒரு நாள், ஒன்றரை நாள் என்று நீள்வது சகஜம். கொள்ளளவு நூறு மடங்கு வளர்ந்தது. வேகம் மூன்று நாலு மடங்குதான் வளர்ந்தது. அந்த வித்தியாசம் முழுவதும் அபாயமாகவே நம் தலையில் விடிந்தது.

ரெய்டு 5இல் அந்த நேரமெல்லாம் மிஞ்சிய டிஸ்க்குகள் அத்தனையையும் முதலிலிருந்து கடைசி வரை படித்தாக வேண்டும். சாதாரண சாட்டா டிஸ்க்குகளுக்கு அவற்றைத் தயாரிப்பவர்களே கொடுக்கும் உத்தரவாதம், பத்தின் பதினாலாவது அடுக்கு பிட்டுகளைப் படித்தால் ஒரு தடவைக்கு மேல் படிக்க முடியாத இடம் வராது என்பது. அதை டி.பி.யாக மாற்றினால் 12.5. நாலு 4 டி.பி. டிஸ்க்கில் ஒன்று போனால் மற்ற மூன்றிலும் படிக்க வேண்டியது 12. நடைமுறையில் டிஸ்க்குகள் இந்த உத்தரவாதத்தைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன என்பது உண்மை. ஆனாலும், தயாரித்தவனே வாக்குக் கொடுக்கத் துணியாத எல்லையில் ஒரு வருஷத்துக் கணக்கை நிறுத்தி வைப்பது விவேகமாகாது. மிர்ரரில் படிக்க வேண்டியது ஜோடியான ஒரே டிஸ்க்; 4 டி.பி.யோடு தீர்ந்தது. அதோடு, ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வாங்கி, ஒரே சூட்டில் ஒரே மின்சாரத்தில் ஓடிய டிஸ்க்குகள், ஒன்றன்பின் ஒன்றாகச் சாவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதனால்தான் நான் இயன்ற மட்டும் பாதி டிஸ்க்குகளை ஒரு கடையிலும் பாதியை வேறு கடையிலும் வாங்குவது வழக்கம்.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி ஸ்தாபனம். நான் அமைத்த சர்வரல்ல. கெட்ட பிறகு கூப்பிட்டார்கள். அந்த ஊரில் வாராவாரம் சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுப்பது மரபு. பீஸ் ரேட்டுக்குத் தைத்தவர்களின் கணக்கு முழுவதும் அன்று மத்தியானம்தான் கூட்டி முடியும். நான் போய்ச் சேர்ந்தபோது தையல் பகுதியின் படிகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சர்வர் அறையில் ஐந்து டிஸ்க் கொண்ட ரெய்டு 5 அடுக்கு. இரண்டாவது டிரேயிலும் நாலாவது டிரேயிலும் ஆரஞ்சு விளக்கு. நாலாவது அன்று காலையில் செத்தது. இரண்டாவது எப்போது செத்தது என்று கன்ட்ரோலரின் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தால், அதற்கு ஏழு மாதம் முந்தைய தேதி இருந்தது. ஏழு மாதமாகக் கன்ட்ரோலர் கீச்சுக் கீச்சென்று அலாரம் அடித்திருக்க வேண்டுமே என்று மூடியைக் கழற்றினேன். அட்டையிலிருந்த சிறு பஸர்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மடித்து மூன்று நாலு சுற்று ஒட்டியிருந்தார்கள். அக்கவுண்ட்ஸில் இருந்த பெண்களுக்குத் தலைவலி வருகிறது என்று யாரோ ஒரு எலக்ட்ரீஷியன் செய்த உபகாரம். முன்பக்கக் கம்பிவலையில் பனியன் துணியின் பஞ்சு ஒரு விரல் கனத்துக்குப் படிந்து, ஆரஞ்சு விளக்கையும் பாதி மறைத்திருந்தது.

முந்தின புதன்கிழமை எடுத்த பேக்கப் ஒன்று வெளி டிஸ்க்கில் அகப்பட்டதால் ஸ்தாபனம் பிழைத்தது. அன்று சாயங்காலம் முதலாளி, போன வாரக் கூலியையே இந்த வாரத்துக்கு முன்பணமாகக் கொடுத்து ஆட்களை அனுப்பினார். மூன்று நாள் பதிவுகளைச் சீட்டுகளிலிருந்து மறுபடி ஏற்றி முடிக்க அடுத்த வாரம் பிடித்தது. அந்த இடத்தில் ரெய்டு 6 இருந்திருந்தால், அல்லது செத்ததற்குப் பதில் தானாகவே வேலைக்கு வரும் ஹாட் ஸ்பேர் ஒன்று இருந்திருந்தால், தப்பியிருக்கலாம் என்பது ஒரு பக்கம். ஏழு மாதம் யாரும் பார்க்காத விளக்குக்கு எந்த ரெய்டும் பரிகாரமல்ல என்பது என் அபிப்பிராயம். ஆகவே அடுக்கு எது என்று கேட்கு முன், டிஸ்க் செத்த செய்தி யாருடைய செல்போனுக்கு வரும் என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

கன்ட்ரோலரிலுள்ள பாட்டரியைப் பற்றிச் சொன்னேன். 2012ஆம் வருஷத்தைக் கொங்கு நாட்டில் தொழில் செய்த ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையைத் தவிர்த்த ஜில்லாக்களில் நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் மின்சாரம் நின்ற காலம் அது. யு.பி.எஸ். பாட்டரிகள் சார்ஜ் ஏறுவதற்குள் அடுத்த கட் வந்துவிடும். ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில செகண்டுகளைக்கூட அவை தாங்காமல் போயின. கன்ட்ரோலரில் எழுத்துக்களை முதலில் தன் நினைவில் வாங்கிக்கொண்டு "எழுதியாயிற்று" என்று சொல்லிவிட்டுப் பிறகு சாவகாசமாக டிஸ்க்கில் இறக்கும் ஏற்பாடு ஒன்றுண்டு. ரெய்டு 5இன் மந்தத்தை மறைப்பதே அதுதான். மின்சாரம் போனால் அந்த நினைவைக் காப்பது ஒரு சிறு பாட்டரி. இரண்டு மூன்று வருஷத்தில் அது உப்பிப்போய்ச் செத்துவிடும். உடனே கன்ட்ரோலர், முறைப்படியே, அந்த வசதியை நிறுத்திவிட்டு ஒவ்வொரு எழுத்தையும் நேரே டிஸ்க்குக்கு அனுப்பத் தொடங்கும். ஒரு செகண்டில் சேவ் ஆன பில் பத்துச் செகண்டு எடுக்கும். புரோகிராம் எழுதியவனைத் திட்டுவார்கள், கேபிளை மாற்றுவார்கள், சில இடங்களில் சர்வரையே மாற்றியிருக்கிறார்கள். பாட்டரியின் விலை சில ஆயிரம் ரூபாய். இதைவிட விபரீதம், பாட்டரி செத்திருந்தாலும் பரவாயில்லை என்று கன்ட்ரோலரைக் கட்டாயப்படுத்தும் ஒரு செட்டிங் இருப்பது. புகார் ஓயட்டும் என்று அதைப் போட்டுவிட்டுப் போகிற இன்ஜினீயர்களும் உண்டு. அடுத்த மின்வெட்டில் டேட்டாபேஸ் பாழாகும்போது அவர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். இப்போது பாட்டரிக்குப் பதில் கெபாசிட்டரும் ஃபிளாஷ் நினைவும் வந்து இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது.

மேஜைக் கம்ப்யூட்டருக்கான டிஸ்க்கைச் சர்வரில் போடுவது பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். படிக்க முடியாத ஓர் இடம் வந்தால் அந்த ஜாதி டிஸ்க் அதை விடாப்பிடியாக நெடுநேரம் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும். ஏழெட்டுச் செகண்டுக்கு மேல் பதில் வராவிட்டால் கன்ட்ரோலர் அதைச் செத்ததாகக் கருதித் தள்ளிவிடும். நல்ல டிஸ்க்கே இப்படிச் செத்ததாகப் பேர் வாங்குவதைப் பலமுறை பார்த்தாயிற்று.

சர்வர் அறையை ஐஸ் பெட்டியாக ஆக்கிவிட்டால் டிஸ்க் சிரஞ்சீவியாக இருக்கும் என்ற நம்பிக்கை நம் ஆலைகளில் பலமாக உண்டு. 2007இல் கூகுள் நிறுவனத்தார் தங்களுடைய லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு மாநாட்டில் வெளியிட்ட கட்டுரை அந்த நம்பிக்கைக்கு ஆதரவாக இல்லை. மிதமான சூட்டுக்கும் சாவுக்கும் எதிர்பார்த்த அளவு சம்பந்தம் காணப்படவில்லை. அதைவிட முக்கியமாக, செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை, நம்பத்தக்க முன்னறிகுறிகள் என்று அவர்கள் கருதிய நாலில் ஒன்றைக்கூடக் காட்டாமல் செத்தன. அதே மாநாட்டில் பியான்கா ஷ்ரோடரும், முன்னே சொன்ன அதே கார்த் கிப்சனும் சேர்ந்து வேறொரு கட்டுரை படித்தார்கள். பத்து லட்சம் மணி நேர ஆயுள் என்று அட்டையில் அச்சிட்ட டிஸ்க் நூற்றில் ஒன்றுகூட ஒரு வருஷத்தில் சாகக்கூடாது. அவர்கள் பார்த்த இடங்களில் நூற்றுக்கு இரண்டு முதல் நாலு வரை மாற்றப்படுவது சாதாரணமாகவும், சில இடங்களில் பதின்மூன்று வரையும் இருந்தது. ஏ.சி.க்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கைப் பஞ்சு வடிகட்டும் வலைக்கும், வாரம் ஒரு முறை அதைத் தட்டிப் போடும் ஆளுக்கும் செலவிடுங்கள் என்று நான் சொல்வதற்கு இந்த ஆராய்ச்சியைவிட நேரில் பார்த்ததே அதிக ஆதாரம்.

கன்ட்ரோலர் அட்டை ஒன்று ஆறேழு வருஷம் கழித்துச் செத்தால், அதே ஜாதி அட்டை கடையில் கிடைக்காது. சென்னை ரிச்சி தெருவில் பழைய சாமான் கடைகளில் தேடி அலைந்து வாங்கிவந்து உயிர் கொடுத்த சர்வர்கள் உண்டு. மதர்போர்டிலேயே ரெய்டு இருக்கிறது என்று விற்கப்படும் மலிவுச் சரக்கின் கதி இன்னும் மோசம். போர்டு போனால் டிஸ்க்குகள் நன்றாக இருந்தும் படிக்க முடியாமல் விழிக்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே, லினக்ஸ் சர்வராயிருந்தால், அதிலேயே உள்ள ரெய்டு வசதியை நான் விரும்புகிறேன்; டிஸ்க்குகளைக் கழற்றி எந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் அடுக்கு எழுந்து நின்றுவிடும்.

இப்போது காலம் மாறிவிட்டது. சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. இரண்டை மிர்ரர் செய்தால் செகண்டுக்குப் பல ஆயிரம் வேலை நடக்கிறது. நான் காகிதத்தில் போட்டுக் காட்டிய 75ம் 150ம் அதன் முன்னால் அர்த்தமற்றுப் போயின. அதனால் கவலை ஒழிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. எஸ்.எஸ்.டி. எழுதத் தேயும் பொருள். மிர்ரரில் இரண்டும் ஒரே அளவு எழுதுவதால் ஒரே அளவு தேய்கின்றன. 2019 நவம்பரில் ஹெச்.பி.இ. நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: அவர்கள் விற்ற சிலவகை எஸ்.எஸ்.டி.களில் இருந்த மென்பொருள் கோளாறினால், 32,768 மணி நேரம், அதாவது மூன்று வருஷம் 270 நாள் 8 மணி, ஓடி முடிந்ததும் டிஸ்க் செத்துவிடும். அதிலிருந்த விவரமும் மீளாது. ஒரே நாளில் ஒரே அடுக்கில் மாட்டிய டிஸ்க்குகள் ஒரே மணியில் சாகக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

தவறுதலாக அழித்த பேரேட்டை மிர்ரர் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே விசுவாசத்தோடு அழிக்கும். பணம்பறிக்கும் வைரஸ்களும் அடுக்கைக் கண்டு அஞ்சுவதில்லை. ஆதலால் பேக்கப் வேறு, ரெய்டு வேறு. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றொன்றை விட்டவர்களிடம் இதற்கு மேல் வாதிப்பதில்லை.

கேட்பவர்களுக்கு இன்று நான் சொல்வது இவ்வளவுதான். கணக்கும் பில்லும் சம்பளமும் ஓடும் சர்வருக்கு இரண்டு எஸ்.எஸ்.டி. மிர்ரர்; சுழலும் டிஸ்க்தான் என்றால், இரண்டில் முடியாத இடத்தில் மட்டும் ரெய்டு 10. எம்பிராய்டரி டிசைன்கள், ஸ்கேன் செய்த எல்.சி. காகிதங்கள், பவுண்டரிப் பேட்டர்ன் வரைபடங்கள் போன்று ஒரு முறை எழுதிப் பல முறை படிக்கும் பெருஞ்சரக்குக்கு ரெய்டு 6. கேமரா பதிவுகளை இவற்றோடு ஒரே அடுக்கில் கலக்கவே கூடாது. நகைக்கடைகளில் பில் போட நேரமாகிறது என்று வந்த புகார்களில் பல, அந்தக் கலப்பினால் வந்தவை. பெரிய சாட்டா டிஸ்க்குகளில் ரெய்டு 5 யாருக்கும் வேண்டாம்.

கடைசியாக வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். புது சர்வர் வந்து இறங்கியதும், உங்கள் கணக்கை அதில் ஏற்றுவதற்கு முன்பாக, பாக்கித் தொகைக்குச் செக் எழுதுவதற்கும் முன்பாக, விற்றவரைக் கூப்பிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் கண்ணெதிரில் ஒரு டிஸ்க்கை உருவச் சொல்லுங்கள். பில் தொடர்ந்து போடப்படுகிறதா, யாருக்குச் செய்தி வருகிறது, பீரோவிலுள்ள உபரி டிஸ்க்கை மாட்டிய பிறகு ரீபில்ட் முடிய எத்தனை மணி நேரமாகிறது என்பதை ஒரு காகிதத்தில் எழுதி, கையெழுத்தும் வாங்கி, சர்வர் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டி வையுங்கள். உருவத் தயங்குகிறவரிடம் சர்வர் வாங்காதீர்கள்.